"அதேதாங்க, கம்பெனிதான் வேற"

காலை எட்டு மணி மருந்து. சின்னக் கிண்ணத்தில் நான்கு மாத்திரைகள். மூன்றை அடையாளம் தெரிகிறது. நான்காவது வீட்டில் வெள்ளையாக இருக்கும், இங்கே இளஞ்சிவப்பாக வந்திருக்கிறது. "சிஸ்டர், இது நான் போடுற மாத்திரை மாதிரி தெரியலையே" என்று கேட்டால், "அதேதாங்க, கம்பெனிதான் வேற" என்று பதில் வரும். சொல்லும்போதே தண்ணீர் டம்ளரும் கைக்கு வந்திருக்கும்.

அந்தப் பதில் பெரும்பாலும் உண்மைதான். ஒரே மருந்தைப் பல நிறுவனங்கள் பல நிறத்தில் செய்கின்றன. மருத்துவமனை மருந்தகம் எதை மொத்தமாக வாங்கியதோ அதுதான் வார்டுக்கு வரும். ஆனால் மருந்துத் தாளைப் பார்த்துவிட்டுச் சொல்லும் "அதேதான்" ஒன்று உண்டு, பார்க்காமலே சொல்லும் "அதேதான்" ஒன்று உண்டு. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். "நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை" என்று வீடு திரும்பிய பிறகும் ஆறாத மனக்குறை இரண்டாவது வகையிலிருந்துதான் வருகிறது.

சொன்னது எங்கே போய்ச் சேர்கிறது?

வார்டில் ஒரு வேளை மருந்து நாலு கை மாறி வருகிறது. மருத்துவர் எழுதுகிறார், மருந்தாளர் எடுத்துக் கொடுக்கிறார், செவிலியர் தயார் செய்து கொண்டுவருகிறார், நோயாளி விழுங்குகிறார். முதல் மூன்று பேரில் யார் தவறினாலும் பிடிப்பதற்கு அடுத்த கை இருக்கிறது. நாலாவது கைக்கு அப்புறம் யாரும் இல்லை. பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இதை ஓட்டை விழுந்த சீஸ் துண்டுகளை அடுக்கி வைத்ததுபோல என்று விளக்கினார். ஒவ்வொரு துண்டிலும் ஓட்டை உண்டு. எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடும் நாளில் தவறு உள்ளே புகுந்து நோயாளியைத் தொடுகிறது. நோயாளியின் கேள்வியும் அந்த அடுக்கில் ஒரு துண்டு. மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று, அதாவது வீட்டில் என்ன நடக்கிறது என்பது, அந்தத் துண்டுக்கு மட்டும் தெரியும்.

பிறகு ஏன் கேட்பதில்லை? அலட்சியம் ஒரு காரணம், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அதைவிட அடிக்கடி நடப்பது வேறு. நீங்கள் யாரிடம் சொல்கிறீர்களோ அவரிடம் அதை மாற்றும் அதிகாரம் இருப்பதில்லை. செவிலியரால் ஒரு வேளை மருந்தைக் கொடுக்காமல் நிறுத்திவைத்துக் கேட்க முடியும். மருந்தையோ அளவையோ மாற்ற முடியாது. மாற்ற வேண்டியது மருத்துவர். இரவில் இருப்பவர் டியூட்டி டாக்டர். அவருக்குப் பல வார்டுகள், உங்களை முன்பின் தெரியாது, மூத்த மருத்துவர் எழுதியதில் கை வைக்கத் தயங்குவார். மருந்தைப் பற்றி எல்லாரையும்விட அதிகம் தெரிந்த மருந்தாளர் பெரும்பாலான இடங்களில் படுக்கை அருகே வருவதே இல்லை. நீங்கள் சொன்னது செவிலியரின் காதோடு நின்றுவிட்டால், ஷிஃப்ட் முடியும்போது அவரோடு அதுவும் வீட்டுக்குப் போய்விடும். அடுத்து வருபவருக்குத் தெரிவது தாளில் இருப்பது மட்டுமே.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜோசி கிங் வழக்கைத்தான் மருந்துப் பாதுகாப்பு வகுப்புகளில் இன்றும் சொல்கிறார்கள். அமெரிக்காவில், 2001-இல், தீக்காயத்துக்குச் சிகிச்சை பெற்றுத் தேறிவந்த 18 மாதக் குழந்தை. உடலில் நீர் வற்றிக்கொண்டிருந்தது. போதை வகை வலிமருந்து இனி வேண்டாம் என்று தாய் கேட்டு, அதற்கு ஒப்புதலும் வாங்கியிருந்தார். பிறகு ஒரு செவிலியர் அதே வகையைச் சேர்ந்த மெதடோன் கொண்டுவந்தார். தாய் தடுத்தார். "ஆர்டர் மாறிவிட்டது" என்பது பதில். மருந்து கொடுக்கப்பட்டது. குழந்தையின் இதயம் நின்றது, குழந்தை பிழைக்கவில்லை. அந்தப் பதிலில் கேட்பதற்கு மூன்று கேள்விகள் இருந்தன: யார் மாற்றினார், எத்தனை மணிக்கு, எங்கே எழுதியிருக்கிறது? இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். "ஆர்டர் மாறிவிட்டது" என்று யார் சொன்னாலும் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

"ஒத்துக்காது" என்றால் என்ன?

நோயாளிகள் அதிகம் சொல்வதும் மருத்துவமனை அதிகம் தவறவிடுவதும் இந்த ஒரு சொல்லைத்தான். "அந்த ஊசி எனக்கு ஒத்துக்காது." இதற்குள் குறைந்தது மூன்று பொருள் இருக்கிறது. போட்ட சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீங்கி, மூச்சு இழுத்திருக்கலாம்; அது ஒவ்வாமை, உயிருக்கு ஆபத்து. வயிற்றைப் புரட்டி இரண்டு நாள் பேதி போயிருக்கலாம். அது பக்கவிளைவு, தொல்லைதான், ஆனால் தேவைப்பட்டால் அதே மருந்தைத் திரும்பவும் கொடுக்கலாம். அல்லது மருந்தைச் செலுத்திய விதம் தப்பாக இருந்திருக்கலாம். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இதற்கு நல்ல உதாரணம். மருந்தைக் குறைந்தது 60 நிமிடமாவது எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். அதைப் பலரும் ஒவ்வாமை என்று எழுதிவிடுகிறார்கள். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அந்தத் தொல்லை வராது.

எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கினால் கேட்பவருக்கும் எல்லாம் ஒரே எடையாகிவிடும். பென்சிலின் ஒவ்வாமை என்று பதிவாகியிருப்பவர்களை முறையாகப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது இல்லை என்றே தெரியவருகிறது. இது மருத்துவர்களுக்குத் தெரியும். அதனால்தான் "ஒத்துக்காது" என்ற சொல் அவர்களிடம் பாதி மதிப்பை ஏற்கெனவே இழந்துவிட்டிருக்கிறது. உண்மையான ஒவ்வாமை உள்ள அந்தப் பத்தாவது ஆளுக்கு இது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

எனவே விவரமாகச் சொல்ல வேண்டும்: எந்த மருந்து, எந்த ஆண்டு, போட்டு எவ்வளவு நேரத்தில், என்ன ஆனது, அதற்கு என்ன சிகிச்சை தேவைப்பட்டது. "2019-இல் அமாக்சிசிலின் சாப்பிட்டு அரை மணி நேரத்தில் உதடு வீங்கியது, மூச்சுத் திணறியது, அட்ரினலின் ஊசி போட்டார்கள்" என்று சொன்னால் அதை யாராலும் தட்டிக்கழிக்க முடியாது. சொன்னதோடு நிற்காமல், தாளின் முகப்பில் ஒவ்வாமைக் கட்டத்தில் எழுதியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கணினிப் பதிவாக இருந்தால் இது இன்னும் முக்கியம். ஒவ்வாமைக்கென்று உள்ள கட்டத்தில் பதிந்தால்தான் மருந்து எழுதும்போது எச்சரிக்கை எழும்; பொதுக் குறிப்பில் வாக்கியமாக எழுதினால் மென்பொருளுக்கு அது தெரியாது. இன்னொன்று, பென்சிலின் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை, பிப்பராசிலினும் டசோபாக்டமும் சேர்ந்த ஊசி இரண்டும் பென்சிலின் குடும்பமே. வணிகப் பெயரில் அது தெரியாது.

வீட்டு மருந்தும் வார்டு மருந்தும்

தவறுகள் குவியும் இடம் அனுமதி நாள், அதாவது மருத்துவமனையில் சேரும் நாள். பிரிட்டனில் மருத்துவத் தரநிலைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல், அனுமதியான 24 மணி நேரத்துக்குள் வீட்டு மருந்துப் பட்டியலையும் வார்டில் எழுதிய மருந்துகளையும் ஒப்பிட்டு முடிக்கச் சொல்கிறது. நடைமுறையில் என்ன ஆகிறது? அவசரப் பிரிவில் வலியோடு கிடக்கும் ஒருவரிடம் "என்னென்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டு, அவர் நினைவிலிருந்து சொன்னதை எழுதிக்கொள்கிறார்கள். "பிபி மாத்திரை ஒண்ணு, சுகர் மாத்திரை ரெண்டு." கண் சொட்டு மருந்தை, வாரம் ஒருமுறை போடும் மாத்திரையை, இன்ஹேலரை, தோலில் ஒட்டும் பட்டையை, மூட்டுவலிக்குத் தானாக வாங்கிப் போடும் மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்த்துச் சொல்வதில்லை. மருந்துகளை அட்டையோடும் சீட்டோடும் ஒரு பையில் போட்டு எடுத்துவருவதுதான் இருப்பதிலேயே எளிய பாதுகாப்பு. பட்டியல் எழுதினால் மூலப்பெயர் (வணிகப் பெயர் அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்), மி.கி. அளவு, எத்தனை மணிக்கு, எதற்காக, கடைசியாக எப்போது போட்டது என்ற ஐந்தும் வேண்டும். கடைசி ஒன்றை விட்டுவிட்டால், காலையில் வீட்டில் போட்டுவிட்டு வந்த ரத்தம் உறையாமைக்கான மாத்திரை மதியம் வார்டில் இன்னொரு முறை வரும்.

சில மருந்துகளில் இந்தச் சின்னப் பிசகு பெரிய சேதமாகும். அவற்றைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில், கைகால் நடுங்கி விறைக்கும் நரம்பு நோயான பார்க்கின்சன். என் கணிப்பில், வார்டுகளில் நோயாளியின் பேச்சு அதிகம் வீணாவது இங்கேதான். இதற்குத் தரும் லெவோடோபா உடலில் ஒன்றிரண்டு மணி நேரமே நிற்கும் மருந்து. காலை 7, 10.30, மதியம் 2 என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நேரக்கணக்கு பல மாதச் சரிபார்ப்பில் அமைந்திருக்கும். வார்டிலோ மருந்து நேரம் 8, 2, 8. "ஒரு மணி நேரம் முன்னப் பின்ன ஆனா என்ன?" என்பார்கள். மற்ற பல மாத்திரைகளுக்கு அது நியாயமான கேள்விதான். இந்த நோயாளிக்கு அந்த ஒரு மணி நேரத்தில் கைகால் விறைத்துப்போகும், விழுங்க முடியாது, எழுந்தால் விழுவார். சொந்த நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்கு மேல் தள்ளக் கூடாது என்பது இதற்கான தரநிலை. "அவருக்கு மருந்து லேட் ஆகுது" என்று சொல்வதைவிட, "இது நேரம் தவறக் கூடாத மருந்து, 10.30 என்று தாளில் எழுதுங்கள்" என்று கேட்பது பலிக்கும். "நேரம் தவறக் கூடாத மருந்து" என்ற வகை செவிலியத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மருந்துப் பாதுகாப்புக்கான அமெரிக்க நிறுவனமான ஐ.எஸ்.எம்.பி. 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இத்தகைய மருந்துகளுக்கு 30 நிமிட வரம்பையும், தினம் ஒருமுறை தரும் சாதாரண மருந்துகளுக்கு 2 மணி நேரம் வரை முன்பின் வரம்பையும் பிரித்து வைத்தது. அவர்களுடைய சொல்லையே நாம் சொல்லும்போது காது கொடுத்துக் கேட்கிறார்கள். இதே நோயாளிக்கு வாந்தி வந்தால் மெட்டோகுளோபிரமைடு அல்லது புரோகுளோர்பெரசைன், இரவில் குழப்பம் வந்தால் ஹாலோபெரிடால் என்று பழக்கத்தில் எழுதிவிடுவார்கள். மூன்றும், உடல் அசைவுக்கு மூளைக்குத் தேவையான டோபமைனைத் தடுத்து நோயை மோசமாக்குபவை. இந்த மூன்று பெயரையும் ஒரு தாளில் எழுதிப் படுக்கையின் தலைமாட்டில் ஒட்டிவைக்கலாம்.

இன்சுலினில் கேட்க வேண்டியவை: எந்த வகை, எத்தனை யூனிட், சாப்பாடு எப்போது? வேகமாக வேலை செய்யும் வகை கால் மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். ஊசி போட்டு, அதற்குப் பிறகு ஸ்கேனுக்கு அழைத்துப்போய், சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தால் சர்க்கரை இறங்கும். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அறுவைக்காக வெறும் வயிற்றில் இருப்பவருக்கு "சாப்பிடலையே" என்று எல்லா இன்சுலினையும் நிறுத்திவிடுவார்கள். முதல் வகை நீரிழிவு உள்ளவருக்கு நீண்ட நேர இன்சுலினை நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். எழுத்துப் பிழையும் இங்கே பயங்கரம். யூனிட் என்பதைச் சுருக்கி ஆங்கில 'யூ' எழுத்தைப் போட்டால் அவசரத்தில் அது பூஜ்யமாகத் தெரியும். 4 யூனிட் 40 ஆகும். அதனால்தான் அந்தச் சுருக்கத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருத்துவமனை அங்கீகார அமைப்பு 2004-இலேயே தடைப்பட்டியலில் சேர்த்தது.

மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை. தினமும் என்று தாளில் ஏறிவிட்டால் சில நாட்களில் வாயெல்லாம் புண், ரத்த அணுக்கள் சரிவு. "நேத்துதானே குடுத்தீங்க?" என்று கேட்க ஒருவர் இருந்தால் போதும், அது நின்றுவிடும். ஸ்டீராய்டை மாதக்கணக்கில் சாப்பிடுபவருக்கு அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு மாத்திரையை "வெறும் வயிறு" என்று சொல்லி விடக் கூடாது. வாயால் முடியாவிட்டால் ஊசி வடிவம் உண்டா என்று கேட்க வேண்டும். வலிப்பு உள்ளவருக்கு டிரமடால் என்ற வலிமருந்தை எழுதினால் அதையும் கேள்வி கேட்கலாம், வலிப்பைத் தூண்டக்கூடியது. மூக்குக் குழாய் வழியாக மருந்து கொடுக்கும்போது மாத்திரையைப் பொடிப்பார்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர். என்று இருந்தால் அது நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டியது. பொடித்தால் 24 மணி நேரத்து மருந்து ஒரே நேரத்தில் உள்ளே போகும். பாரசிட்டமால் டிரிப்பில் ஒன்று, மாத்திரையில் ஒன்று, சளி மாத்திரைக்குள் ஒளிந்து ஒன்று என்று வரும். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச அளவு 4 கிராம், எடை 50 கிலோவுக்குக் கீழே என்றால் அதற்கும் குறைவு.

கேட்கவைக்கும் வாக்கியம்

கவலையைக் கவலையாகவே சொன்னால் ஆறுதல்தான் பதிலாக வரும். "பயமா இருக்கு சிஸ்டர்" என்றால் "ஒண்ணும் ஆகாதுங்க" என்பதுதான் மனித இயல்பு. மருந்தின் பெயர், உங்களுக்குத் தெரிந்த உண்மை, உங்கள் கோரிக்கை மூன்றும் இருக்கும் வாக்கியத்துக்கு ஆறுதல் பதிலாகாது: "இது மெட்டோகுளோபிரமைடா? எனக்குப் பார்க்கின்சன் இருக்கு. டாக்டர்கிட்டக் கேட்கிற வரைக்கும் நிறுத்திவைங்க." மருத்துவக் குழுக்களுக்கே அமெரிக்காவில் ஒரு படிமுறை சொல்லிக்கொடுக்கிறார்கள்: முதலில் "எனக்குக் கவலையாக இருக்கிறது", அடுத்து "எனக்கு இது நெருடலாக இருக்கிறது", கடைசியில் "இது பாதுகாப்புப் பிரச்சினை". அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டால் கையிலிருக்கும் வேலையை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது பயிற்சி. நோயாளியும் அதே சொல்லைப் பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு வேளைக்கும் அதைச் சொன்னால் தேய்ந்துபோகும், சேமித்து வையுங்கள்.

நினைவுள்ள, வயதுவந்த ஒருவர் ஒரு வேளை மருந்தை மறுக்கலாம். மறுத்தால் செவிலியர் "நோயாளி மறுத்தார், காரணம் இது" என்று தாளில் எழுதியாக வேண்டும், மருத்துவருக்கும் சொல்ல வேண்டும். உங்கள் வார்த்தை தாளில் ஏறும் மிக உறுதியான வழி இதுவே. ஆனாலும் மறுப்பதற்கு முன் ஒரு கேள்வி: "இதை எவ்வளவு நேரம் தள்ளலாம்?" மலச்சிக்கல் மாத்திரையை ரவுண்ட்ஸ் வரை தள்ளலாம். கடும் தொற்றுக்கான முதல் ஆன்டிபயாடிக்கை ஒரு மணி நேரம் தள்ளுவதே நஷ்டம். அங்கே மறுப்பதைவிட, மருத்துவரை உடனே போனில் பேசவைப்பதுதான் நல்லது.

அசையவில்லை என்றால் மேலே போக வேண்டும். வரிசை: அந்த ஷிஃப்டின் பொறுப்புச் செவிலியர், டியூட்டி டாக்டர், உங்கள் மருத்துவரின் குழு, செவிலியர் கண்காணிப்பாளர். நடுவில் "மருந்தாளரிடம் ஒரு முறை கேட்டுச் சொல்ல முடியுமா?" என்ற கோரிக்கையை மறக்க வேண்டாம். யாரையும் குற்றம் சாட்டாத கேள்வி என்பதால் அதற்கு எதிர்ப்பும் குறைவு, பதிலும் சரியான ஆளிடமிருந்து வரும். சில நாடுகளில் குடும்பமே நேரடியாக அழைக்கும் வழி உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2013 முதல் ரையன் விதி, இங்கிலாந்தில் 2024 முதல் மார்த்தா விதி. வார்டில் பேச்சு எடுபடாமல் நோயாளி மோசமாகிக்கொண்டே போனால், வேறொரு குழுவை வந்து பார்க்கச் சொல்லும் உரிமை அது. இரண்டுமே பெற்றோர் சொல்லியும் கேட்கப்படாமல் இறந்த குழந்தைகளின் பெயரில் அமைந்தவை.

"அவர் இப்படி இருக்க மாட்டார்" என்று குடும்பத்தினர் சொல்வது மிகைப்படுத்தல் என்று ஒதுக்கப்படுகிறது. அதை ரத்த அழுத்தம்போல ஓர் அளவீடாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். நேற்று வரை தெளிவாகப் பேசிய முதியவர் இன்று சுவரோடு பேசுகிறார் என்றால், புதிதாகச் சேர்ந்த தூக்க மருந்து, அரிப்புக்கான ஊசி, வலிமருந்து ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மார்ஃபின் வகை போட்ட பிறகு "நல்லாத் தூங்குறார்" என்று விட்டுவிடக் கூடாது. கூப்பிட்டால் கண் திறந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் உறங்கிப்போகிறாரா? மூச்சு விட்டுவிட்டு வருகிறதா? மூச்சு குறைவதற்கு முன்னால் இந்த மயக்கம்தான் தெரியும். அந்த நேரத்தில் காத்திருக்காமல் குரலை உயர்த்தலாம்.

குறிப்புநோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், கொடுத்த மருந்து, அளவு, கொடுத்தவர், உங்கள் கேள்வி, வந்த பதில். செல்போனில் படமெடுப்பதைவிட நோட்டில் எழுதுவது நல்லது. கேமராவைத் தூக்கினால் பேச்சு நின்றுவிடும், பேனாவை எடுத்தால் பேச்சு நிதானமாகும். பின்னால் புகார் எழுதும் நிலை வந்தாலும் "யாருமே கேட்கலை" என்பதைவிட "12-ஆம் தேதி இரவு 9.40-க்குச் சொன்னேன், 10.15-க்கு அதே மருந்து போடப்பட்டது" என்ற வரிக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் எல்லாருக்கும் அவசரம். டிஸ்சார்ஜ் சம்மரியையும் பழைய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு மருந்துக்கும் தொடர்வது, நிறுத்தியது, அளவு மாறியது, புதியது என்று குறியிடச் சொல்லுங்கள். வார்டில் தூக்கத்துக்கும் வயிற்றெரிச்சலுக்கும் தொடங்கியவை நிறுத்தும் தேதி இல்லாமல் சீட்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எந்த நாளோடு நிறுத்துவது என்று கேட்டு எழுதிவாங்குங்கள். வீட்டுக்குப் போனதும் மருந்து டப்பாவைத் திறந்து பழைய அட்டைகளின் மூலப்பெயரைப் புதியவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வார்டில் இளஞ்சிவப்பாக வந்த அந்த மாத்திரை இப்போது சீட்டில் வேறு வணிகப் பெயரில் இருக்கும், வெள்ளை மாத்திரையும் டப்பாவில் மிச்சமிருக்கும். இரண்டும் ஒரே மருந்து என்றால் ஒன்றை அன்றைக்கே எடுத்துத் தனியாக வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் காலை இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள்.